பந்தில் கால் பட்ட நாள்

கோல்ஃப் மைதானத்தில் வாழ்க்கையின் பாதிக்கு மேல் கழித்தவன் நான். ஒருநாள்கூட அந்த விளையாட்டை விளையாடியதில்லை. இதைச் சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். சாராயக் கடையில் வேலை செய்தவனெல்லாம் குடிகாரனா என்று திருப்பிக் கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவேன்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசி நாளில், புல் பராமரிக்கும் பிள்ளைகள் கேக் வாங்கி வந்திருந்தார்கள். வெளியே ஆளில்லாத இயந்திரம் ஒன்று தன்பாட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒஷாவாவிலிருந்து வேலைக்கு வரும் அபிநயா என்ற பிள்ளை கேக் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், கிளப்ஹவுஸ் ஹோல்வேயில ஒரு போட்டோ இருக்கெல்லோ, கார் பொனற்றுக்கு மேல நிண்டு கிஸ் எறியிற ஆள்? அவருக்குக் கடைசியில கண் தெரியாதாம், யூ வேர் ஹிஸ் கேடி எண்டு சொல்லினம். சீரியஸ்லி?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

"அப்ப அவர் எப்பிடி விளையாடினவர்?"

கேக் வெட்டுகிற அவசரத்தில் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மைதானம் ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி இருக்கிறது. நான் கனடாவுக்கு வந்த புதிதில் வோபர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் பல பேராகக் கூடியிருந்தோம். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை, அறைத் தோழன் ஒருவன்தான் கோடைகால வேலைக்கு அங்கே கூட்டிக்கொண்டு போனான். புல் வளர்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று ஊருக்கு எழுதினேன். "மாடு இல்லாத இடத்திலை ஏன் புல்லு வளக்கினம்?" என்று மனைவி பதில் எழுதினாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை கிடையாது.

மணல் வாரினேன், இலை கூட்டினேன், தண்ணீர்க் குழாய் இழுத்தேன். பிறகு குழி வெட்டும் வேலை எனக்கு வந்தது. பந்து விழும் குழி எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதைச் சுற்றிக் கால்கள் மிதித்துப் புல் செத்துவிடும் என்பதால் காலையில் புதிய இடத்தில் வெட்டிப் பழையதை மூடவேண்டும். பனி ஈரம் காயுமுன் போவேன். உருளைக் கத்தியைப் புல்லில் நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் திருகி இறக்குவேன். மண்ணும் புல்லுமாக ஒரு கட்டி முழுதாக வெளியே வரும். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் வைத்து, உள்ளங்கையால் அமர்த்தி, தண்ணீர் தெளித்தால் அங்கே ஒரு குழி இருந்ததை யாரும் சொல்லமாட்டார்கள். சூரியன் மரங்களுக்கு மேலே வரும்போது பதினெட்டுக் கொடிகளும் புதிய இடங்களில் நிற்கும். யாருமற்ற அந்த நேரத்தில் மைதானம் முழுவதும் புகார், மெல்லிய மூடுபனி, படிந்திருக்கும். நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

அந்தப் புகாருக்குள்ளிருந்துதான், அபிநயா சொன்ன படத்தில் இருக்கிற மாப்பிள்ளை வந்தார். எலுமிச்சை மஞ்சள் காற்சட்டை, ஊதாச் சப்பாத்து, தொப்பியில் இறகு. வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல், நான் வெட்டிய குழிக்கு முன்னால் ஈரப் புல்லில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழும்பியபோது மஞ்சள் காற்சட்டை முழுக்கப் பச்சை.

"குழி முறைச்சுக்கொண்டு இருக்குது. வாறவனைப் பாத்துச் சிரிக்கவேணும். ரண்டடி கீழை இறக்கும்," என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். இத்தனை வருடம் நினைவில் ஊறியதில் அவர் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் அவர். நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவிலும் இங்கேயும் பெரிய போட்டிகளில் ஆடி, பத்திரிகைகளில் முழுப்பக்கப் படமாக வந்தவர். நல்ல ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்களாம். ஆனால் சனம் இவருக்குப் பின்னால்தான் போனதாம். பந்து குழிக்குள் விழுந்தால் தொப்பியைக் கழற்றிச் சனத்தின் பக்கம் நாலு திசையும் வணங்குவார். விழாவிட்டால் அந்தத் தடியை ஏரிக்குள் எறிவார். நாலு கல்யாணம் செய்தவர். தினமும் கல்யாணத்துக்குப் போகிறவர் போல உடுத்தி வருவதால், எங்கள் தமிழ்ப் பெடியள் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் அர்த்தம் கேட்டார். பயந்து பயந்து சொன்னேன். "நாலு தரமும் நான் அதுதானே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. கதை சொன்னால் கூட்டித்தான் சொல்லுவார். ஹோட்டல் அறையில், கட்டிலில் நின்றபடி பந்தை அடித்து ஜன்னல் வழியாக வீதிக்கு அனுப்பிய கதை ஒன்று. முதல் தடவை கேட்டபோது அறை இரண்டாம் மாடியில் இருந்தது. அடுத்த கோடையில் ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டது. கடைசியாகக் கேட்டபோது மாடி ஏழு, கீழே ஒரு பொலிஸ்காரர் தொப்பியை நீட்டிப் பந்தைப் பிடித்தும்விட்டார். கேட்கிறவர்கள் நம்பினார்கள். நானும் நம்ப விரும்பினேன், அவ்வளவு அழகாகச் சொல்லுவார்.

வயதுபோக, பயிற்சியாளர் வேலையை இளைஞர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கிடையில் கண் பழுதாகத் தொடங்கிவிட்டது. முழுக் குருடு இல்லை. நடுப்பார்வை போய் ஓரங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. பந்தைப் பார்க்கவேண்டுமென்றால் பந்துக்குப் பக்கத்தில் பார்க்கவேண்டும். அடித்த பந்து எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் தடியில் பந்து பட்ட சத்தத்தைக் கேட்டே, "நல்லாப் போகுது" என்றோ "மரத்துக்குள்ளை" என்றோ சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

குழி வெட்டுகிறவனுக்குத்தான் குழி எங்கே என்று தெரியும் என்று சொல்லி, அவர் விளையாடும் நாட்களில் தன் பையைத் தூக்க என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பை தூக்கிக்கொண்டு கூட நடப்பவனுக்குப் பெயர் கேடி. வீட்டில் வந்து, அதற்குள் ஊரிலிருந்து வந்துசேர்ந்திருந்த மனைவியிடம், "நான் இண்டையிலிருந்து கேடி" என்றேன். "இவ்வளவு நாளும் வேறை என்னவாம்?" என்றாள் மனைவி.

கேடிக்கு முதல் வேலை தூரம் சொல்வது. எனக்கு யார் கணக்குச் சொல்லித்தந்தார்கள்? முதல் நாள் தடுமாறி, வாயில் வந்தபடி தமிழில் "உதிலை கிடக்குது சேர்" என்றுவிட்டேன். அவர் விடவில்லை. அது என்ன சொல் என்று கேட்டார். கைக்குக் கிட்ட இருந்தால் இது, எட்டத்தில் இருந்தால் அது, இரண்டுக்கும் நடுவில் கிடப்பது உது என்று விளக்கினேன். மாப்பிள்ளை புல்லில் தடியை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"எங்கடை பாஷையிலை நடுவுக்குச் சொல்லே இல்லை. என்ரை வாழ்க்கை முழுக்க நடுத்தூரத்து அடிதான் எனக்குப் பிழைச்சது. இப்பதான் காரணம் விளங்குது!"

அன்றிலிருந்து எங்களுக்கு மூன்று சொல் போதும். குழிக்குத் தூரம் என்றால் நான் "அது" என்பேன், முழு வீச்சு வீசுவார். "உது" என்றால் சிறிய தடி. "இது" என்றால் உருட்டிவிட வேண்டியதுதான். காலை வெயிலில் நாங்கள் இருவரும் அது, உது, இது என்று சொல்லிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவதைப் பார்த்தவர்கள் மந்திரம் ஓதுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அவருக்கு ஓர் ஆசை மிச்சம் இருந்தது. கோல்ஃபில் குறைய அடிக்கிறவன்தான் வெல்லுவான். பதினெட்டுக் குழியையும் தன் வயதளவு அடிகளில் முடித்துவிட்டால், 'வயதை அடித்தவர்' என்று அவரைக் கொண்டாடுவார்கள். இளம் ஆளால் அது முடியாது, வயது காணாது. முதியவருக்கு வயது இருக்கும், உடம்பு இருக்காது. உலகத்தில் எல்லாக் கேலிக்கூத்தும் ஆடிப் பார்த்த மாப்பிள்ளை இந்த ஒன்றை மட்டும் ஆடவில்லை. அவருக்கு அப்போது எழுபத்தாறு. இருதயமும் சரியில்லை, இந்தப் பருவம் முடிந்தால் விளையாட்டை விடவேண்டும் என்று டொக்ரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இலையுதிர் காலம். மைதானம் மூடுவதற்கு முன் வந்த ஒரு வெயில் நாள். அடிகளைக் கணக்கு வைக்க, யூனியன்வில்லில் இருந்து அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற நீதிபதி. அவரை எல்லோரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை செம்மஞ்சள் ஸ்வெற்றரும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டு, மாலையில் கிளப்ஹவுஸில் பியானோக்காரர் ஒருவரையும் ஷம்பெயின் போத்தல்களையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். முதல் அடிக்கு முன்பே வெற்றி விருந்து வைக்கிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று என்ன நடந்ததென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. காற்று இல்லை. மேப்பிள் இலைகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. அவர் வீசுவார், சத்தம் கேட்பார், சிரிப்பார். நான் "அது" என்பேன். நடப்போம். "உது" என்பேன். பந்து நாங்கள் சொன்ன இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் கணக்கைப் பற்றி வாய்திறக்கவில்லை. கடைசிக் குழிக்கு வந்தபோது ஜட்ஜ் மட்டும் என் காதுக்குள், "எழுபத்திரண்டு" என்றார். இன்னும் நாலே அடி.

முதல் அடி நேராகப் போனது. இரண்டாவது, குழியிருக்கும் பச்சைத் தரைக்குச் சற்று வெளியே, நீளப் புல்லுக்குள் போய் நின்றது. அங்கிருந்து மெல்லத் தூக்கிப்போட்டு, பிறகு ஒரு உருட்டு. நாலு அடி. அவருக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

நான் முன்னால் போய்ப் பந்தைக் கண்டுபிடித்தேன். புல்லுக்குள் நன்றாக அமர்ந்து கிடந்தது. பையை இறக்கிவைக்க ஓர் அடி பின்னுக்கு வைத்தேன். என் சப்பாத்து விளிம்பு பந்தில் பட்டது. பந்து ஆடவில்லை, அசையவில்லை, பட்டது மட்டும்தான். ஆனால் பட்டது பட்டதுதானே. நான் யோசிக்கவே இல்லை. குனிந்தேன், பந்தை விரலால் தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சின்ன வயதிலிருந்து புத்தகத்தில் கால் பட்டாலும் ஆளில் கால் பட்டாலும் கை தானாக அப்படித்தான் போகும். நிமிர்ந்தபோது ஜட்ஜ் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். "ஏன் ரண்டு பேரும் பேசாமல் நிக்கிறியள்?" என்றார்.

"இவருடைய கால் பந்தில் பட்டது. பந்து அசையவில்லை, அதனால் அதற்குத் தண்டனை இல்லை," என்றார் ஜட்ஜ். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆனால் பிறகு கையால் வேண்டுமென்று தொட்டார். கேடி தொட்டாலும் ஆட்டக்காரர் தொட்டதுதான். அதற்கு ஓர் அடி தண்டனை."

"சேர், நான் மன்னிப்புக் கேட்டனான்!" என்று கத்தியேவிட்டேன்.

"எனக்கு விளங்குகிறது. பந்திடம் மன்னிப்புக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை," என்றார் ஜட்ஜ். அந்த மனிதர் வாழ்நாளில் எத்தனை தீர்ப்புச் சொல்லியிருப்பாரோ, இதைச் சொல்லப் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். நடுப்பார்வை இல்லாத கண்கள் என் தோளுக்கு அப்பால் பார்த்தன. நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று கேட்டார். கால் பட்டதைக் கையால் தொட்டுக் கண்ணில் வைப்பது எங்கள் வழக்கம் என்று சொன்னேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார்.

"நான் பந்துகளைத் திட்டியிருக்கிறன். உதைச்சிருக்கிறன். ஏரிக்குள்ளை எறிஞ்சிருக்கிறன். அறுவது வருஷத்திலை ஒருத்தனும் ஒரு பந்திட்டை மன்னிப்புக் கேக்கேல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு ஓர் அடி குடுக்கலாம். எழுதும் ஜட்ஜ்."

இப்போது மூன்று அடி போய்விட்டது. இந்த அடியே குழிக்குள் விழவேண்டும். வேறு வழியில்லை.

நான் போய்க் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் என் கையால் வெட்டிய குழி. அவர் தடியின் நுனியைப் புல்லில் இரண்டு தரம் அசைத்து, மெல்ல வீசினார். பந்து எழும்பி, வெயிலுக்குள் ஒரு கணம் மறைந்து, தரையைத் தொட்டு உருளத் தொடங்கியது. கொடியைத் தூக்கிக்கொண்டேன். "அது," என்றேன். பந்து சரிவில் திரும்பிக் குழியை நோக்கி வந்தது. "உது." வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. "இது! இது சேர், இது!" என்று கத்தினேன்.

பந்து குழியின் விளிம்புக்கு வந்து, உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றது.

"விழுந்துதோ?" என்று அங்கிருந்து கேட்டார்.

"இல்லை சேர்."

நடந்து வந்து, ஒரு கையால் தட்டி உள்ளே விழுத்தினார். எழுபத்தேழு. சனத்துக்கு வணங்குகிற மாதிரி, ஆளில்லாத நாலு பக்கமும் தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

திரும்பி வரும்போது ஜட்ஜால் தாங்க முடியவில்லை. இது நண்பர்களுக்குள் விளையாடிய ஆட்டம்தானே, தான் பார்க்காமல் இருந்திருக்கலாம், எழுபத்தாறு என்றே போடுவோம் என்றார். மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

"கதையிலை நான் எவ்வளவு புளுகும் அவிப்பன். அடிக் கணக்கிலை ஒருநாளும் அவிச்சதில்லை," என்றார்.

மாலையில் கிளப்ஹவுஸ் நிறைந்திருந்தது. பியானோக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கதிரைமேல் ஏறி நின்று நடந்ததைச் சொன்னார். கால் பட்டது, கை தொட்டது, பந்து விளிம்பில் நின்றது. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கூட்டம் மேசையில் தட்டிச் சிரித்தது. "இதுவரை விட்டதிலேயே இதுதான் பெரிய புளுகு!" என்று ஒருவர் கத்தினார். ஏழாம் மாடியை நம்பியவர்கள் இதை நம்பவில்லை. அவர் கதிரையிலிருந்து இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "உண்மை சொல்லிப் பழக்கமில்லை, அதுதான் எடுபடேல்லை," என்றார். சிரித்தார்தான், ஆனால் பிடித்த கை தளர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் மைதானத்துக்கு வரவில்லை. இருதயம் மோசமாகி ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், வீட்டுக்கு வந்ததாகவும், மறுபடி போனதாகவும் கேள்விப்பட்டேன். குளிர்காலத்தில் நான் இயந்திரக் கொட்டிலுக்குள் இருந்து கத்திகள் தீட்டுவேன். தை மாதத்தில் ஒரு முற்பகல், நல்ல பனி கொட்டி ஓய்ந்திருந்தது. ஜட்ஜின் கார் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து சிவப்புக் கோட்டும் பச்சைக் காற்சட்டையுமாக மாப்பிள்ளை இறங்கினார். உடம்பு பாதியாகியிருந்தது. உடுப்பு அப்படியே இருந்தது.

"கடைசிக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போம்," என்றார்.

"சேர், முழங்கால் மட்டுக்கும் பனி."

"தெரியும். கூட்டிக்கொண்டு போம்."

ஜட்ஜ் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு நடந்தோம். கொடி இல்லை, மணல் இல்லை, மேடு பள்ளம் இல்லை, எங்கும் ஒரே வெள்ளை. எங்கள் மூச்சு புகையாக முன்னால் போனது. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நிறுத்தி, "இதிலைதான் சேர்," என்றேன். அவர் எங்கள் கைகளை விட்டுவிட்டுத் தனியே நின்றார்.

"இண்டைக்கு எனக்குப் பிறந்தநாள்," என்றார். "எழுபத்தேழு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஜட்ஜுக்கு விளங்கிவிட்டது. அவர் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தார்.

"அண்டைக்கு எனக்கு ஒரு வயசு போதாமல் போச்சுது, அவ்வளவுதான். அடிச்சதை அப்பிடியே வைச்சிட்டு, உயிரோடை இருந்து பாத்தன். டொக்ரர் சொன்னார் தை வராதெண்டு. வந்திட்டுது. ஜட்ஜ், இது செல்லுமோ செல்லாதோ?"

ஜட்ஜ் எங்கள் பக்கம் திரும்பினார். "வயது முதலில் வரவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை," என்றார்.

மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றி உயரத் தூக்கிப் பிடித்தார். பழைய படங்களில் நிற்கிற அதே மாதிரி, சனத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி. நானும் ஜட்ஜும் கைதட்டினோம். இரண்டு பேரும் தடித்த பனிக் கையுறை போட்டிருந்தோம், துளிச் சத்தமும் எழவில்லை. அவர் தொப்பியை இறக்காமல் காத்துக்கொண்டு நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் குறையத் தொடங்கியது. நாங்கள் தட்டுவது அவருக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையுறைகளைப் பல்லால் கடித்து இழுத்து எறிந்துவிட்டு வெறுங்கையால் தட்டினேன். குளிரில் உள்ளங்கை பிளக்கிற மாதிரி வலித்தது. சத்தம் வந்த பக்கம் அவர் திரும்பினார். தலை தாழ்த்தி வணங்கினார். நான் நிறுத்தவில்லை.